டிக்கெட் மலிவு, பயணம் மலிவா?



திருச்சி விமான நிலையத்தில் கோலாலம்பூர் விமானத்திற்கு வரிசையில் நின்றவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். தரையில் பெட்டி திறந்து கிடக்கும். நம் ஊர்த் தம்பி ஒருவர் குந்தியிருந்து ஊறுகாய் பாட்டிலை எடுப்பார், மறுபடி வைப்பார். கைலியை எடுப்பார், வைப்பார். எடை மட்டும் குறையாது! கடைசியில் கையிலிருந்த ரிங்கிட்டை எண்ணிக் கொடுத்துவிட்டு உள்ளே ஓடுவார். போய்ச் சேர்ந்ததும் நண்பர்களிடம் சொல்வதோ, "மலிவு டிக்கெட்டில் வந்தேன்" என்று!

இது மலிவா? நீங்களே கணக்குப் போடுங்கள்.

பட்ஜெட் விமானக் கம்பெனி தருமத்திற்கு விமானம் ஓட்டவில்லை. பெரும்பாலும் ஒரே ரக விமானமாக வாங்குகிறது. பயிற்சியும் உதிரி பாகமும் அதனால் சிக்கனம். சீட்டுகளை நெருக்கிப் போடுகிறது. இறங்கிய விமானத்தை விரைவாக மறுபடி கிளப்புகிறது. அமெரிக்காவில் சவுத்வெஸ்ட் 1971-ல் பறக்கத் தொடங்கி, பிறகு உலகத்துக்கே காட்டிய வழி இது. கடனில் மூழ்கிக் கிடந்த ஏர் ஏசியாவை 2001-ல் ஒரே ஒரு ரிங்கிட்டுக்கு வாங்கிய டோனி பெர்னாண்டஸும் இதே வழியில்தான் போனார். ஆக, விளம்பரத்தில் வரும் விலை ஓர் ஆளும் ஒரு கைப்பையும் போவதற்கான விலை. சாப்பாடு தனி, பெட்டி தனி, விரும்பிய சீட் தனி. ஏர் ஏசியாவில் கைப்பைக்கு 7 கிலோ, ஸ்கூட்டில் 10 கிலோ.

நாமோ இன்னும் ரஜூலா கப்பல் காலத்துச் சபுராளிகளாகவே மூட்டை கட்டுகிறோம். நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கில் இறங்கிய பாட்டன்மார் டிரங்குப் பெட்டியும் படுக்கையும் கொண்டுபோனது சரி. அது கப்பல்!

பெட்டிக்கான எடையை டிக்கெட் போடும்போதே வாங்கிவிடுங்கள். கவுண்டரில் கிலோவுக்கு எவ்வளவு என்று கேட்கும் நிலை வந்தால் லாபம் போயிற்று. பெட்டி நிறையச் சரக்கோடு போகும் வியாபாரிகள் இன்னொன்றும் செய்யுங்கள். பட்ஜெட் டிக்கெட்டோடு எடைக் கட்டணத்தையும் கூட்டி, 30 கிலோ சேர்த்தே தரும் பெரிய கம்பெனியின் விலைக்குப் பக்கத்தில் வையுங்கள். பல நேரம் பெரிய கம்பெனிதான் மலிவாக இருக்கும்!

கடையில் எட்டணாவுக்கு அரைமணி நேரம் பேரம் பேசுகிற நாம், டிராவல்ஸ்காரரிடம் பாஸ்போர்ட்டை நீட்டிவிட்டு "பார்த்துப் போடுங்க பாய்" என்று வந்துவிடுகிறோமே, ஏன்? டிக்கெட் விலை எவ்வளவு, உங்கள் கமிஷன் எவ்வளவு என்று வெட்கப்படாமல் கேளுங்கள். நேர்மையானவர் கோபித்துக்கொள்ள மாட்டார். டிக்கெட்டில் உங்கள் செல்போன் நம்பரைப் போடச் சொல்லுங்கள். விமான நேரம் மாறினால் தகவல் அந்த நம்பருக்குத்தான் போகும். அது டிராவல்ஸ்காரர் நம்பராக இருந்து, அவர் ஜும்ஆவுக்குப் போயிருந்தால்? வாப்பா பெயர் முன்னால், தன் பெயர் பின்னால் என்று குழம்பிக் கிடக்கும் நம் பெயர்களையும் பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள்.

பெருநாளைக்கு ஊர் வர வேண்டும் என்பது ஒரு வருடம் முன்பே தெரியாதா? பிறையில் ஒருநாள் முன்பின் ஆகலாம். அதற்காகக் கடைசி வாரம் வரை காத்திருந்து மும்மடங்கு கொடுப்பதா?

பயணம் ரத்தாகிவிட்டதா? "பணம் திரும்பாத டிக்கெட்" என்றதும் தலையில் கை வைத்து உட்காராதீர்கள். இந்திய விமானக் கம்பெனிகள் அந்த டிக்கெட்டுக்கும் வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும் என்பது 2016-ல் வந்த விதி. கேட்டால்தான் கிடைக்கும், நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

இனி, எல்லாவற்றிலும் மலிவான டிக்கெட் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் இளைஞர்களிடம் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. "டிக்கெட் செலவு என்னுது தம்பி, இந்தப் பையை மட்டும் அங்கே கொடுத்துடு" என்பார் ஒருவர். குருவியாகப் பறந்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. துணிமணி என்பார், மசாலா என்பார். நீங்கள் பார்த்து அடுக்காத பை அது! சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் தூக்கு. பை உங்கள் கையில் இருந்தால், உள்ளே இருப்பது தெரியாது என்று நிரூபிக்கும் பொறுப்பும் உங்கள் தலையில்தான். தெரிந்தவர், தூரத்து உறவு, பள்ளிவாசலில் பழக்கம் என்பதெல்லாம் சாங்கி விமான நிலையத்தில் செல்லுபடியாகாது. அங்கே நீங்கள் சுங்க அதிகாரி முன் அந்தப் பையைத் திறந்துகொண்டு நிற்கும்போது, கொடுத்தவர் ஊரில் டீ குடித்துக்கொண்டிருப்பார்.