கண்டெடுத்தவருக்கும் ஒரு மேடை

2021-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், ஆஸ்திரேலியப் பயணத்தை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிய வேகப் பந்து வீச்சாளர் நடராஜனைச் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி ஜனங்கள் குதிரை பூட்டிய ரதத்தில் ஏற்றி, மேளதாளத்தோடு வீதியில் அழைத்துச் சென்றார்கள். ஒரே பயணத்தில் மூவகைக் கிரிக்கெட்டிலும் இந்திய அணியில் அறிமுகமான முதல் வீரர் என்ற கீர்த்தியைப் பெற்ற இளைஞருக்கு அந்த ரதம் முற்றிலும் தகும். ஆயினும் அந்தக் கொண்டாட்டத்தை நினைக்கும்போதெல்லாம் என் மனம் அதே ஊரைச் சேர்ந்த ஜெயப்பிரகாஷ் என்ற மனிதரிடமே போய் நிற்கிறது.

தந்தை நெசவுக் கூலி, தாய் சாலையோரத்தில் கடை போட்டுப் பிழைத்தவர் என்ற குடும்பத்தில் பிறந்து, இருபது வயது வரையில் டென்னிஸ் பந்தைத் தவிர வேறு பந்தை அறியாதிருந்த ஒரு பையனின் இடக்கையில் ஓர் அபூர்வ வித்தை குடிகொண்டிருக்கிறது என்பதை முதலில் கண்டு, கண்டதோடு நின்றுவிடாமல் அவனைச் சென்னைக்குப் போகும்படி தூண்டி, பி.எஸ்.என்.எல். அணியின் நான்காம் டிவிஷன் ஆட்டங்களில் தொடங்கிப் படிப்படியாக அவன் ஏறுவதற்குத் துணை நின்றவர் அவர்தாம். 2015-இல் ரஞ்சிப் போட்டியில் இறங்கிய மாத்திரத்தில் நடராஜன் பந்து எறியும் முறை விதிக்கு உட்பட்டதா என்ற சந்தேகம் கிளம்பி, அத்தோடு எல்லாம் முடிந்தது என்று பலர் கருதியிருக்கக்கூடிய நாளிலும் ஜெயப்பிரகாஷின் நம்பிக்கை தளரவில்லை. மறு ஆண்டே தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் நடராஜனின் யார்க்கர்கள் பிரஸித்தி பெற்றன. 2017-இல் ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி அவரை 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. பிறகு இருவரும் சேர்ந்து சொந்த ஊரிலேயே பயிற்சிக் களம் அமைக்க, அந்தப் பக்கத்திலிருந்து பெரியசாமி என்ற மற்றோர் இளைஞர் கிளம்பி, 2019-ஆம் ஆண்டு தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் தொடர் நாயகன் ஆனார். 'ஜே.பி. நட்டு' என்று தம் சட்டையில் பொறித்து அணிந்த நடராஜன், எந்த அரசாங்கமும் தர நினையாத ஒரு பட்டத்தைத் தம் ஆசானுக்குத் தாமே வழங்கிவிட்டார்.

கண்டெடுத்தல் என்பது பயிற்சி அளிப்பதினும் வேறான ஒரு கலை என்பதை நாம் இன்னும் உணரவில்லை. பயிற்சியாளர் முன்னே ஒருவன் நிற்கிறான், அவனுடைய குறைகளும் நிறைகளும் வெளிப்பட்டுக் கிடக்கின்றன. கண்டெடுப்பவரோ வெளிப்படாததை ஊகித்து, அந்த ஊகத்துக்காகத் தம் பெயரையே பணயம் வைக்கிறார். 2003-இல் ஜாம்ஷெட்பூரில் ஜார்க்கண்ட் அணிக்காக ஒருவர் 35 ஓட்டங்கள் எடுத்தார். அற்பமான எண்ணிக்கைதான். ஆனால் சிற்றூர்த் திறமையைத் தேடும்படி கிரிக்கெட் வாரியத்தால் அனுப்பப்பட்டிருந்த வங்காள அணியின் முன்னாள் தலைவர் பிரகாஷ் பொத்தார், அந்த 35 ஓட்டங்களைக் கொண்டே மகேந்திர சிங் தோனியைப் பற்றித் தேசியக் கிரிக்கெட் அகாடமிக்கு எழுதி அனுப்பினார். கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்த்தவர் அப்படி எழுதியிருக்க மாட்டார்.

அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்தில் இந்த வேலைக்குச் சம்பளமும் உண்டு, 'ஸ்கவுட்' என்ற தனிப்பெயரும் உண்டு. கறுப்பினத்தவரான பக் ஓநீல், பல்லாண்டுகள் ஊர் ஊராகச் சுற்றி, லூ பிராக் போன்ற மேதைகளைப் பெரிய அணிகளுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர். அவர் 2006-இல் காலமானார். புகழ் மண்டபத்தில் அவருக்கு இடம் கிடைத்ததோ 2022-இல். தொழிலாகவே மதிக்கப்படும் தேசத்திலேயே கௌரவம் இத்தனை தாமதித்து வருமாயின், தொழிலென்று பெரும்பாலும் ஒப்புக்கொள்ளப்படாத நம் நாட்டில் அது எப்போது வரும்?

திறமையைக் கண்டெடுத்த கதைகளில் நம் தாமிரவருணிக் கரைக்கும் பெரும் பங்கு உண்டு. 1994-இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற கபடிக் குழுவில் ஆடி, மறு ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் பெற்ற மணத்தி கணேசன் இந்தப் பக்கத்துப் பிள்ளை. அவர் வாழ்வைத் தழுவி 2025-இல் மாரி செல்வராஜ் எடுத்த 'பைசன்' படத்தில், மாணவனின் திறமையைக் கண்டுகொள்ளும் பி.டி. வாத்தியாருக்கு முக்கியமான இடம் அளிக்கப்பட்டிருப்பதைப் பார்த்து நான் நெகிழ்ந்தேன். ஒரு காலத்தில் நெல்லை ஜில்லாவைச் சேர்ந்திருந்த கோவில்பட்டி, மாரீஸ்வரனையும், அரியலூரிலிருந்து அங்கே வந்து விடுதியில் பயின்ற கார்த்தியையும் இந்திய ஹாக்கி அணிக்கு அளித்தது. தாழையூத்துச் சங்கர் நகரில் 1949-இல் சிமெண்ட் உற்பத்தியைத் தொடங்கிய நிறுவனந்தான் 2008-இல் சென்னை ஐ.பி.எல். அணியைக் கைக்கொண்டது, அதன் முதல் ஏலத்தில் தோனியையே எடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக வாதாடியவர், 2019-இல் நம்மை விட்டுப் பிரிந்த வி.பி. சந்திரசேகர். அந்தச் சங்கர் நகர் மைதானத்தில் இன்று மாவட்டத்துப் பிள்ளைகள் ஆடுவதை ஊரே கூடிப் பார்க்கிறது.

திறமையை அடையாளம் காண்பவரைப் போற்றும் பழக்கம் நெல்லைக்குப் புதிதன்று. வண்ணார்பேட்டையில் தம் இல்லத்தில் வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டம் நடத்திய டி.கே. சிதம்பரநாத முதலியாரைத் தமிழுலகம் எதற்காகத் தலைமேல் வைத்துக் கொண்டாடியது? கம்பனின் அழகையும் கவிமணியின் அருமையையும் கண்டு, பிறரையும் காணச் செய்த அந்த ரஸனைக்காகவே அன்றோ அவருக்கு ரசிகமணி என்ற பெயர் நிலைத்தது! கவிதைக்கு ஒரு ரசிகமணியைக் கொண்டாடத் தெரிந்த ஊருக்கு, செம்மண் தரையில் வெறுங்காலோடு ஓடும் ஒரு பையனை நின்று பார்த்து, "இவனை விட்டுவிடக் கூடாது" என்று தீர்மானித்த தேகப்பயிற்சி உபாத்தியாயரைக் கொண்டாடத் தெரியாமலா போகும்?

ஆனால் நடப்பது என்ன? பரீட்சை நெருங்கியதும் பல பள்ளிகளில் முதலில் பறிபோவது விளையாட்டு வகுப்புத்தான். அந்த மணி நேரத்தில் கணக்கு நடத்தப்படுகிறது; மைதானத்தில் பையன்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய உபாத்தியாயரிடம் வேறு வேலை ஒப்படைக்கப்படுகிறது. காண வேண்டிய கண்ணை இப்படி மூடிவிட்டு, பதக்கம் வரவில்லையே என்று ஏங்குவதில் நியாயம் இல்லை.

துரோணாச்சாரியார் விருது 1985 முதல் பயிற்சியாளர்களுக்குக் கிடைத்துவருகிறது. அதைப் போலக் கண்டெடுப்பவர்களுக்கும் ஒன்றைத் தில்லி எப்போது நினைக்கும் என்று காத்திராமல், நம் நெல்லை மாவட்டமே தொடங்கலாம். பதக்கத்தோடு ஊர் திரும்பும் ஒவ்வொருவரிடமும், உன்னை முதலில் கண்டுகொண்டவர் யார் என்று மாவட்ட நிர்வாகம் கேட்டு எழுதிவைக்கட்டும். அவர் ஓய்வு பெற்ற வாத்தியாராயினும், டீக்கடை நடத்துபவராயினும் தேடிப்பிடித்து, பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கில், அந்த வீரரின் கையாலேயே சால்வை போர்த்தச் செய்யட்டும். அரங்கின் சுவரில் அவர் பெயரும், அவர் கண்டெடுத்தவரின் பெயரும், ஆண்டும் பொறிக்கப்படட்டும். வரும் கல்வி ஆண்டிலேயே தொடங்கிவிடலாம். முதல் பெயரை மணத்தி கணேசனிடமே கேட்டுப் பெறலாம்.