சட்டியும் பொம்மையும் கொக்கும்

சினிமாக் கலையைத் தமிழிற் கற்பித்தல் இயலாதென்றும், அதன் நுட்பங்கள் யாவும் ஆங்கிலச் சொற்களிலே பிறந்தவையாதலின் ஆங்கிலமறியாத மாணவன் வாசலிலேயே நின்றுவிட வேண்டியவனென்றும் கூறுவோர் நம்மிடையே இன்னும் உளர். கருத்தரங்குகளில் இவர்கள் பேசும்போது 'பான்', 'டில்ட்', 'டொலி', 'கிறேன்', 'சூம்' எனுஞ் சொற்கள் மந்திரங்கள் போல உச்சரிக்கப்படுகின்றன. கேட்போர் பொருள் வினவுவதில்லை. மந்திரத்துக்குப் பொருள் வினவுதல் மரபன்று. நாம் வினவ விரும்புகின்றோம். வினவினால் வெளிப்படும் உண்மை இவர்களுக்கு உவப்பாக இராது. தாம் பெருமையுடன் ஏந்தி நிற்குஞ் சொற்களின் பொருளை ஆங்கிலத்திலேனும் இவர்கள் ஆராய்ந்ததில்லை என்பதே அவ்வுண்மை.

நமது பாடசாலைகளில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் ஒரு பாடமாகத் தமிழிற் கற்பிக்கப்படுகின்றது. நாம் கண்ட சில மாணவர் கொப்பிகளில் இச்சொற்கள் ஒரு நிரலாகவும், 'இடம் வலமாக அசைதல்', 'மேல் கீழாக அசைதல்', 'முன் பின்னாக அசைதல்' என்ற விளக்கங்கள் எதிரே மற்றொரு நிரலாகவும் இருந்தன. மனனஞ் செய்தற்கு வசதியான ஏற்பாடுதான். ஆயினும், 'பான்' ஏன் பான் ஆயிற்று? அகராதியைப் புரட்டும் மாணவன் அங்கே தாச்சிச் சட்டியைக் காண்கின்றான். அகராதியில்லாதவனுக்கோ காலையிற் கடையில் வாங்கும் பாண் நினைவுக்கு வரும். சட்டிக்கும் கமராவுக்கும் என்ன உறவென்று அவன் கேட்பானாயின், 'அது தொழில்நுட்பச் சொல்' என்ற விடையே கிடைக்கும். அறியாமை தன்னை மறைத்துக்கொள்ளப் பயன்படுத்தும் போர்வைகளுள் இதனினுந் தடித்தது பிறிதில்லை.

சட்டிக்கும் இதற்கும் யாதோர் உறவுமில்லை. 'பனோரமா' எனும் சொல்லின் தலையே இந்தப் 'பான்'. எடின்பரோவிலே தொழில் புரிந்த றொபேட் பாக்கர் என்ற ஓவியர், வட்டச் சுவரொன்றின் உட்புறமெங்குங் காட்சியைத் தீட்டி, நடுவில் நிற்பவர் சுழன்று பார்க்குமாறு அமைக்கும் முறைக்கு 1787ஆம் ஆண்டில் உரிமைப் பத்திரம் பெற்றார். 'எல்லாம்', 'காட்சி' என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களை ஒட்டி அதற்குப் பெயர் பிறந்தது சில ஆண்டுகளின் பின்னரே. 1793இல் இலண்டனின் லெஸ்டர் சதுக்கத்தில் இதற்கெனவே ஒரு வட்டக் கட்டடம் எழுந்தது. இக்காட்சி வாணிபம் எதனை விற்றது என்பதையுங் கவனித்தல் வேண்டும். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மாண்டார். அடுத்த ஆண்டிலேயே றொபேட் கேர் போட்டர் எனும் ஓவியர் அத்தாக்குதலை ஏறத்தாழ 120 அடி நீளமான திரையில் வரைந்து இலண்டன் மக்களுக்குக் காட்டினார். கால் நோகாமல் நின்று, தலையை மாத்திரந் திருப்பி, வெல்லப்பட்ட நாடொன்றைக் கண்ணாற் சொந்தமாக்கிக்கொள்ளும் நிலை அது. 1896இல் லூமியேர் சகோதரரின் படப்பிடிப்பாளரான புறொமியோ வெனிஸ் நகரக் கால்வாயிற் படகிலிருந்தவாறே படம் பிடித்தபோது, அதற்கும் பனோரமா என்றே பெயரிட்டனர். நின்ற இடத்தினின்று திரும்புதலுக்கு மட்டும் அச்சொல் உரித்தானது பிற்காலத்து வழக்கு. இவ்வளவையும் அறிந்த மாணவன், ஒரு நிலப்பரப்பை இடமிருந்து வலமாகத் துழாவும் கமராவைக் கண்டதும், நடுவில் நிற்பவன் யார், அவனுக்கும் இந்நிலத்துக்கும் என்ன உறவு என்று கேட்பான். கொப்பியின் இரு நிரல்களும் அவனை இக்கேள்விக்கு இட்டுச் செல்வதில்லை.

ஏனைய சொற்களுக்கு இத்துணைப் பெரிய குலங்கோத்திரமில்லை. அவை உடலுழைப்பாளரின் சொற்கள். 'டில்ட்' என்பது சரித்தல். குடத்தைச் சரிப்பதும் அதுவே. 'டொலி' சிறுமியரின் பொம்மை. டொறதி என்ற பெண்பெயரின் செல்ல வடிவம். பாரமானவற்றை ஏற்றித் தள்ளும் சில்லுப் பலகைக்கும் அப்பெயர் வந்தது. பலகையின் மீது கமரா ஏறியதும் பெயரும் உடன் ஏறிற்று. அதனைத் தள்ளுபவரை ஹொலிவூட்டிற் 'கிறிப்' என்பர். பிடி என்பதற்கு மேல் அச்சொல்லில் ஒன்றுமில்லை. பக்கவாட்டில் நகர்வதைக் குறிக்கும் 'ட்றக்' லொறியன்று. பழங்காலக் கப்பற் பீரங்கிகளைத் தாங்கிய சிறு சில்லின் பெயர் அது. 'ட்றாக்' என்றால் தடம். அடிச்சுவட்டையும் பாதையையும் ஒருங்கே உணர்த்தும் இத்தமிழ்ச் சொல்லினும் பொருத்தமானதை எந்தப் பேராசிரியர் ஆக்கித் தரப்போகின்றார்? 'பூம்' எனப்படும் நீண்ட கோல் ஒல்லாந்தரின் மொழியில் மரம் என்று பொருள்படும். கப்பலோட்டிகள் பாய் தாங்கும் கோலை மரமென்றனர். நமது கடலோடிகளும் பாய்மரம் என்றே சொன்னார்கள்.

'கிறேன்' என்பது கொக்கினத்துப் பறவை. நீண்ட கழுத்தை இறக்கி உயர்த்தும் அதன் அசைவைப் பாரந்தூக்கியிற் கண்டவர்கள் பறவையின் பெயரைப் பொறிக்குச் சூட்டினர். கிரேக்கரும் அவ்வாறே செய்தனர்; பிரெஞ்சுக்காரரும் இரண்டையும் ஒரே சொல்லால் வழங்குகின்றனர். ருஷ்ய விவசாயிகளோ கிணற்றிலிருந்து நீரள்ளும் நெடுமரத்துக்கு அப்பறவையின் பெயரை இட்டனர். அந்நெடுமரம் வேறெதுவுமன்று, யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகளில் நின்ற துலாவேதான். ஒரு முனையிற் பட்டை, மறுபுறம் அதனைச் சமன் செய்யும் பாரம், நடுவில் ஆடுகால். கமராக் கிறேனின் அமைப்பும் இதுதான். பட்டை தொங்குமிடத்திற் கமரா தொங்குகின்றது. துலாவிலேறி மிதித்த மனிதனுக்கு இந்நுட்பத்தை விளக்க அரை நிமிடம் போதும். அவனுடைய பேரனோ ஆங்கிலப் பெயரைக் கேட்டு அஞ்சி நிற்கின்றான்.

இதனால் நாம் கலைச்சொல்லாக்கப் பண்டிதரின் கட்சியென எவரும் எண்ணிவிடலாகாது. ஆங்கில மந்திரத்துக்குப் பதிலாக அவர்கள் ஆக்கித் தருவதும் மந்திரமே. ஐந்தாறு அசை நீண்ட புதுச் சொற்கள் பட்டியலாக அச்சேறுகின்றன. படப்பிடிப்புத் தளத்தில் ஒருவரேனும் அவற்றை வாய்விட்டுச் சொல்வதில்லை. கோடம்பாக்கத்துத் தொழிலாளர் 'ட்றொலி' என்றார்கள், தண்டவாளமிட்டுத் தள்ளினார்கள், வேலை நடந்தது. தம் மொழியின் தூய்மையிற் கண்ணுங் கருத்துமாயிருக்கும் பிரெஞ்சுக்காரர்கூடத் தண்டவாளத்திற் செல்லும் கமராவின் நகர்வுக்குப் 'பயணித்தல்' என்னும் பொருள் தரும் ஆங்கிலச் சொல்லையே எடுத்தாள்கின்றனர். கடன் வாங்கிய சொல் இழுக்கன்று. பொருள் தெரியாமல் அதன் முன் கைகட்டி நிற்றலே இழுக்கு.

இது வெறுஞ் சொல்லாராய்ச்சியெனச் சிலர் முகஞ் சுளிக்கலாம். அவர்களுக்குச் சூமையும் டொலியையுமே உதாரணமாகக் காட்டுவோம். 'சூம்' ஓர் ஒலிக்குறிப்பு. இரைச்சலுடன் விரைவதைக் குறித்தது. முதலாம் உலகப் போர்க்கால விமானிகள் விமானம் திடீரெனச் செங்குத்தாக மேலெழுவதற்கு அதனை வழங்கினர். பின்னரே அது வில்லைக்கு வந்தது. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின் பின் நமது பிள்ளைகளுக்கோ அது இணைய வகுப்பின் பெயர். கொப்பியில் டொலிக்கும் சூமுக்கும் விளக்கம் ஒன்றுபோலவே இருக்கும்: பொருளை அருகிற் காட்டுதல். உண்மையில் இரண்டும் எதிரெதிரானவை. டொலியிற் கமரா தன் காலால் நடந்து மனிதனை அணுகுகின்றது. வழியிலுள்ளவை விலகிப் பின்செல்கின்றன. அணுகியவனை அம்மனிதனும் காண்கின்றான், விரும்பாவிடின் போ என்கின்றான். சூமில் கமரா நின்ற இடத்திலேயே நிற்கின்றது. வில்லை மட்டும் தொலைவிலுள்ள முகத்தைப் பறித்துக்கொண்டு வருகின்றது. முகத்துக்குரியவருக்குச் செய்தியே தெரியாது. 1958இல் வெளிவந்த 'வேர்ட்டிகோ' படத்தில் ஹிட்ச்கொக் இவ்விரண்டையும் எதிர்த் திசைகளில் ஒருங்கே இயக்கி, உயரத்தைக் கண்டு அஞ்சுபவனின் தலைச்சுற்றலைத் திரையில் உண்டாக்கினார். இரண்டும் ஒன்றேயாயின் அந்தத் தலைச்சுற்றல் எங்கிருந்து வந்தது?

டொலியில் நெருங்குவதெல்லாம் நேர்மையாகிவிடும் என்பதுமன்று. 1960இல் பொந்தேகோர்வோ 'கப்போ' என்னும் படத்தை எடுத்தார். நாஸி வதைமுகாமின் மின்கம்பியிற் பாய்ந்து ஒரு பெண் உயிர் துறக்கின்றாள். கமரா முன்னோக்கி நகர்ந்து அவளது உடலை அழகிய சட்டகத்துள் அமைக்கின்றது. அந்த ஒரு நகர்வுக்காகவே அப்படத்தை இழிவானதென்று விமர்சகர் ழாக் ரிவெத் 1961இற் கண்டித்தெழுதினார். பொந்தேகோர்வோ நம்மவர், இடதுசாரி, 1966இல் 'அல்ஜியர்ஸ் போர்' எனும் அரும்படைப்பைத் தந்தவர். எனினும் ரிவெத்தின் கண்டனம் நியாயமானதென்றே நாம் கருதுகின்றோம். நோக்கம் முற்போக்கானது என்பதற்காகக் கமராவின் கால்கள் செய்யுந் தவறு தவறல்லாது போவதில்லை.

2017ஆம் ஆண்டு பெப்ரவரியிற் கிளிநொச்சியில், காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் தெருவோரத்தில் அமர்ந்து போராட்டந் தொடங்கினர். அன்றுதொட்டு எத்தனை கமராக்கள் தெருவின் மறுபுறத்தில் நின்றபடியே அவர்களின் கண்ணீரை இழுத்தெடுத்திருக்கின்றன! கமராக்காரர் எழுந்து நடந்து, அம்மா என்று அழைத்து, அருகில் இருந்து, அதன்பின் எடுத்த படங்களும் உள. இரண்டிலும் முகம் திரையில் ஒரே அளவினதாயிருக்கலாம். 'அருகிற் காட்டுதல்' என்று மனனஞ் செய்த மாணவன் இரண்டுக்கும் வேறுபாடு காணமாட்டான். நாளை அவன் தொலைக்காட்சி நிலையமொன்றில் வேலைக்கமர்ந்ததும் தெருவின் மறுபுறத்திலேயே நிற்பான்.

ஆசிரியர்களிடமும் வினாத்தாள் தயாரிப்போரிடமும் நாம் கோருவது சிறிது. கொப்பியிலே மூன்றாவதொரு நிரல் வேண்டும். சொல் ஆங்கிலமாகவே இருந்துவிட்டுப் போகட்டும். கமராவுக்கு வருமுன் அது யார் கையில் இருந்தது, என்ன வேலை செய்தது என்பதை மாணவன் அந்நிரலிலே தன் சொந்தத் தமிழில் எழுதட்டும். கிறேனுக்கு எதிரே எழுத வேண்டியதைச் சொல்லித் தரத் துலா மிதித்த முதியவர்கள் வடக்கில் இன்னும் சிலர் இருக்கின்றார்கள். அவர்களை அடுத்த தவணையிலேயே வகுப்புக்கு அழைக்கலாம்.