கிரஷருக்குப் போகும் சாட்சி

சங்ககிரி, இடைப்பாடி வட்டாரத்தில் வெங்கச்சங்கல்லுக்கு, அதாவது வெள்ளை குவார்ட்ஸுக்கு, டன் கணக்கில்தான் மதிப்பு. பெல்ஸ்பாரோடு சேர்த்துத் தோண்டி, உடைத்து, பொடியாக்கி, கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் அனுப்பிவிடுகிறோம். ஆனால் சுத்தமான குவார்ட்ஸ் தெளிவாக இருக்க வேண்டியது. இது ஏன் வெளுத்திருக்கிறது? கல் உருவாகும்போதே உள்ளே சிக்கிக்கொண்ட எண்ணற்ற நுண்துளிகள்தான் பெரும்பாலும் காரணம். பூமிக்கடியில் உலோகம் சுமந்த சூடான உப்புநீர் எப்படிப்பட்டது என்பதற்கு நமக்குக் கிடைக்கும் நேரடிச் சாட்சி இந்தத் துளிகளே.

சாதாரணத் தண்ணீரில் ஈயமும் துத்தநாகமும் அவ்வளவாகக் கரையாது. முந்நூறு டிகிரியில் கதை வேறு. அயனிகளைப் பிரித்து வைக்கும் நீரின் திறன் அந்தச் சூட்டில் வெகுவாகக் குறைந்துவிடும். உலோகம் உப்பிலுள்ள குளோரைடைப் பற்றிக்கொண்டு பயணம் போகும். செம்பும் இரும்பும் இப்படித்தான். தங்கம் பெரும்பாலும் கந்தகத்தின் துணையை நாடும். நீர் ஆறினாலோ, கொதித்தாலோ, வேறு பாறையோடு வினைபுரிந்தாலோ சுமை இறங்கிவிடும். இது ஏட்டுக் கணக்கல்ல. 1960களில் கலிபோர்னியாவின் சால்டன் கடல் அருகே தோண்டிய வெந்நீர்க் கிணறு ஒன்றில், மூன்றே மாதத்தில் பல டன் படிவு குழாயை அடைத்தது. அதில் ஐந்தில் ஒரு பங்கு செம்பு, வெள்ளியும் இருந்தது.

நம் பக்கம் கதை தலைகீழ். கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி வழியாகச் சேலம் நோக்கி வந்தால், ஒருகாலத்தில் மேலோட்டின் ஆழத்தில் வெந்த பாறைகளின் மேல் நடக்கிறோம். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் இருபது கிலோமீட்டருக்கும் கீழே இருந்தவை அவை. தெற்கே வர வர ருபீடியம், யுரேனியம், தோரியம் குறைவதை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். அடர்ந்த உப்புநீரும் கரியமில வாயுவும் அவற்றை மேலே கொண்டுபோயிருக்கலாம் என்பது அவர்களில் ஒரு சாராரின் வாதம். அப்படியானால் இறக்கிவைத்த மேல்தளம் எப்போதோ அரித்துப் போய்விட்டது. நாம் நிற்பது சுமை ஏற்றப்பட்ட இடத்தில். "கொங்கு மண்ணுக்கடியில் தங்கச் சுரங்கம்" என்று பரபரப்பாகப் பேசுவோர் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

எல்லாம் போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. பிந்தைய காலத்தில் வெடிப்புகள் வழியே வேறு நீர் ஏறி வந்திருக்கிறது. அரூர்–ஊத்தங்கரைப் பகுதியில் மாலிப்டினம் குவார்ட்ஸ் நாளங்களோடுதான் கிடைக்கிறது. 2023 நவம்பரில் மத்திய அரசு தொடங்கிய முக்கியக் கனிம ஏலத்தின் முதல் சுற்றிலேயே அங்குள்ள வேலம்பட்டி மாலிப்டினத் தொகுதி இருந்தது. சங்ககிரி கிரானைட்டோ ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேல் பழையது. அதுவும் தன் பங்குக்கு நீரை வெளியேற்றியிருக்கும். அந்த நீர் எதைச் சுமந்தது? எவ்வளவு உப்பு, எவ்வளவு சூடு?

இதற்குப் பெரிய எந்திரம் எதுவும் வேண்டாம். கல்லை மெல்லியதாக அறுத்து, இருபுறமும் மெருகேற்றி, நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து உறையவிட வேண்டும். பிறகு மெல்லச் சூடேற்ற, துளிக்குள் உள்ள பனி உருகும் புள்ளி உப்பின் அளவைச் சொல்லும். பூஜ்யத்துக்கு 20 டிகிரி கீழேயே உருகினால் அது கடல்நீரைவிடப் பல மடங்கு உப்பு. மேலும் சூடாக்க, உள்ளே ஆடும் குமிழி எந்த வெப்பநிலையில் மறைகிறதோ, கல் சிக்கவைத்தபோது நீர் குறைந்தபட்சம் அந்தச் சூட்டில் இருந்திருக்கும்.

குவாரி அனுமதியில் சிறு நிபந்தனை சேர்த்தால் போதும். ஒவ்வொரு நாளத்திலிருந்தும் கையளவு துண்டு, எடுத்த இடமும் நாளம் ஓடும் திசையும் குறித்து, சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும். பாறைக்கு வெடி வைப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை அது.