அருணையிலிருந்து பனிமலைக்கு

அறிவியல் புனைகதையைப் படமாக்கும் இயக்குநருக்கு ஒரு வசதி உண்டு. அவர் காட்டும் கோளுக்குச் சென்று திரும்பியவர் எவரும் இலர். போலந்து எழுத்தாளர் ஸ்தானிஸ்லாவ் லெம் 1961இல் வெளியிட்ட 'சோலாரிஸ்' நாவலில், சிந்திக்கும் ஆற்றலுடைய பெருங்கடல் ஒன்று ஒரு கோளைச் சூழ்ந்திருக்கிறது. அக்கடலின் நிறம் இதுவன்று என வழக்காட யாராலும் இயலாது. ஆயினும் ஆந்திரேய் தார்க்கோவ்ஸ்கி 1972இல் அதனைப் படமாக்கியபோது லெம் மனக்கசப்புற்றார். நாயகன் கெல்வின் விண்வெளி நிலையத்தை நோக்கிச் செல்வதில் நாவல் தொடங்குகிறது. படமோ தந்தையின் வீடு, குளத்து நீரில் அசையும் பாசி, திடீர் மழை என நெடுநேரம் பூமியை விட்டு நகர மறுக்கிறது. இயக்குநர் எடுத்தது 'சோலாரிஸ்' அன்று, தாஸ்தாயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' என்பது லெம்மின் குறை. அறியவே முடியாத ஒன்றின்முன் மனித அறிவு திகைப்பதை அவர் எழுதினார். தார்க்கோவ்ஸ்கி அதனை மனச்சான்றின் கதையாக்கினார். மாற்றம் பெரிதுதான். ஆனால் அதன் பின்னே நாவலோடு நேர்நின்று வாதிடும் ஒரு சிந்தனை இருந்தது. எனவே நாவலும் படமும் தத்தம் வலிமையில் நிற்கின்றன.

கதையில் வரும் இடம் கற்பனைக் கோளாக இல்லாமல், மக்கள் வாழும் ஊரின் சாயலைக் கொண்டதாக இருந்தால் என்னவாகும்? திருவண்ணாமலையோடு தொடர்புடைய ஓர் ஆங்கில நாவலும் அதிலிருந்து உருவான இரு படங்களும் இவ்வினாவுக்கு நல்ல சான்று.

எழுத்தாளர் சாமர்செட் மாம் 1938இல் சென்னையிலிருந்து காரில் புறப்பட்டுத் திருவண்ணாமலையில் உள்ள ரமணாசிரமத்துக்கு வந்தார். வந்த இடத்தில் மயங்கி விழுந்தார். அவரைத் தூக்கிச் சென்று படுக்க வைத்தனர். ரமணர் அங்கேயே வந்து அவரருகில் அமர்ந்தார். பேச்சு மிகக் குறைவு, மௌனமே மிகுதி. ஆறாண்டுகள் கழித்து, 1944இல், மாம் எழுதிய 'தி ரேசர்ஸ் எட்ஜ்' வெளிவந்தது. கத்தியின் கூர்முனை எனப் பொருள்படும் அத்தலைப்பு, கடோபநிடதத்திலிருந்து எடுக்கப்பட்டது. முதல் உலகப்போரில் விமானியாக இருந்த லாரி டாரெல் என்னும் அமெரிக்க இளைஞன், தன் உயிரைக் காத்த நண்பன் தன் கண்முன்னே இறப்பதைக் காண்கிறான். வாழ்வின் பொருள் என்ன என்ற கேள்வி அவனை விடாது துரத்துகிறது. வேலையையும் திருமணத்தையும் ஒதுக்கிவிட்டு நூல்களிலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் அதற்கு விடை தேடுகிறான். இறுதியில் இந்தியாவுக்கு வந்து ஸ்ரீ கணேசர் என்னும் ஞானியின் ஆசிரமத்தை அடைகிறான். அந்த ஞானியிடம் ரமணரின் சாயல் உண்டு என்பது பரவலான கருத்து.

இங்கு ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். மாமும் இடத்தை மாற்றியவரே. நாவலில் ஆசிரமம் இருப்பது திருவிதாங்கூரில். வெயிலில் காயும் அருணைப் பாறைகளின் இடத்தில் அடர்காடும் மூடுபனியும் வருகின்றன. மலைமேல் வனத்துறை விடுதி ஒன்றில் தனித்திருக்கும் லாரி, காட்டின்மீது கதிரவன் எழுவதைக் காணும் வேளையில்தான் அவனுக்கு அந்த அனுபவம் நிகழ்கிறது. நாவலாசிரியருக்கு உள்ள உரிமை இயக்குநருக்கு மட்டும் இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மாம் மாற்றியது நிலத்தோற்றத்தை. தாம் கண்டவற்றுள் முதன்மையானதை அவர் மாற்றவில்லை: ஞானி மக்களிடையே வாழ்கிறார் என்பதே அது.

திருவண்ணாமலையில் அந்த உண்மை கண்கூடு. மலையின் உயரம் சுமார் 2,600 அடி. அதன் அடிவாரத்தில் பெருங்கோயில், தேரோடும் வீதிகள், கடைத்தெரு, ரயில் நிலையம். மலையைச் சுற்றிவரும் 14 கிலோமீட்டர் பாதையில் உழவரும் வணிகரும் துறவியரும் ஒன்றாகவே நடக்கின்றனர். 1896இல் பதினாறு வயதில் இவ்வூருக்கு வந்த ரமணர் சில காலம் குகைகளில் வாழ்ந்தார். 1922 முதல் அடிவாரத்திலேயே தங்கிவிட்டார். பல ஆண்டுகள் விடியுமுன் சமையலறையில் அமர்ந்து காய் நறுக்கினார். பந்தியில் எல்லோருக்கும் பரிமாறியதையே உண்டார். அவரைக் காண விரும்பியவர் சிகரம் எதையும் ஏற வேண்டியதில்லை; வண்டியிலிருந்து இறங்கினால் போதும்.

நாவலின் முடிவோடு இதற்கு நெருங்கிய தொடர்பு உண்டு. ஞானம் பெற்ற லாரி துறவியாவதில்லை. தன் செல்வத்தைத் துறந்து அமெரிக்காவுக்குத் திரும்பி, பழுதுபார்க்கும் பட்டறையில் உழைத்து, பின்னர் நியூயார்க்கில் வாடகைக் கார் ஓட்டி, கூட்டத்தில் ஒருவனாக வாழ எண்ணுகிறான். ஊர் நடுவே வாழும் ஆசிரியரைக் கண்டவனுக்கு அம்முடிவு இயல்பானது.

படங்கள் இதனைத்தான் இழந்தன. எட்மண்ட் கோல்டிங் இயக்கிய முதல் படம் 1946இல் வெளிவந்தது. தயாரிப்பாளர் டாரில் சானக், 1945 ஆகஸ்டில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் டென்வரை அடுத்த மலைகளுக்கு ஒரு படப்பிடிப்புக் குழுவை அனுப்பினார். இமயமலையாகக் காட்டுவதற்கே அம்மலைகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. மாமே எழுதித் தந்த திரைக்கதை பயன்படுத்தப்படவில்லை. டைரோன் பவர் லாரியாக நடித்தார். சோஃபியாக நடித்த ஆன் பாக்ஸ்டருக்குச் சிறந்த துணைநடிகைக்கான ஆஸ்கர் விருது கிடைத்தது. அவர் வரும் காட்சிகளின் துயரம் இன்றும் மங்கவில்லை. பாரிசையும் சிகாகோவையும் படம் நன்கறிந்திருக்கிறது. இந்தியா வந்ததும் அந்த அறிவு கைவிட்டுப் போகிறது. தெற்கத்தி ஆசிரமம் மேகங்களுக்கு நடுவே, மனித நடமாட்டம் அரிதான உயரத்துக்குச் சென்றுவிடுகிறது. ஞானி என்றால் இமயம், இமயம் என்றால் பனி எனப் பார்வையாளர் மனத்தில் முன்பே இருந்த படத்தையே திரை திருப்பிக் காட்டியது. தார்க்கோவ்ஸ்கியின் மாற்றத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே: இங்கே நாவலோடு வாதம் எதுவுமில்லை, பழக்கத்துக்குப் பணிதல் மட்டுமே உண்டு.

ஜான் பைரம் இயக்கி, பில் மர்ரி நடித்த 1984ஆம் ஆண்டுப் படமும் அதே பனிக்குத்தான் சென்றது. இம்முறை ஆசிரமம் பௌத்த மடாலயமாகவே மாறிவிட்டது. நாவலில் கதைசொல்லியாக வரும் மாமும் நீக்கப்பட்டார். எனினும் ஒரு காட்சிக்காக இப்படத்தைப் பாராட்டலாம். பனிச்சிகரத்தில் தனித்திருக்கும் லாரி, குளிர் தாங்காமல், தான் படித்துக்கொண்டிருந்த நூலின் தாள்களைக் கிழித்து எரிக்கிறான். ஓயாது படித்தவன் படிப்பையும் கடந்து செல்வதை நாவல் பல பக்கங்களில் சொல்கிறது. திரை ஒரு சிறு தீயில் சொல்லிவிட்டது. இக்காட்சிக்குப் பனி தேவைப்பட்டது என்பதையும் மறுப்பதற்கில்லை.

பனியைத் தேடிச் செல்லத் திரைக்கு மற்றொரு காரணமும் இருந்திருக்கலாம். நாவலில் லாரியின் இந்திய அனுபவம் நேரடியாக நிகழ்வதில்லை. ஆண்டுகள் சில கழிந்தபின், பாரிசில் ஓர் உணவகத்தில், இரவு தொடங்கி விடியும்வரை லாரி அதனை மாமிடம் சொல்கிறான். இவ்வுரையாடலைப் படிக்காமல் கடந்தாலும் கதை புரியும் எனவும், இது இல்லையெனில் இந்நூலை எழுதியே இருக்கமாட்டேன் எனவும் அப்பகுதியின் தொடக்கத்தில் மாம் குறிப்பிடுகிறார். வாசகர் நம்பலாம், ஐயுறலாம், இரண்டுக்கும் இடமுண்டு. திரைக்கு அந்த இடைவெளி கடினம். அங்கே ஏதேனும் தெரிந்தாக வேண்டும். உள்ளத்தின் மாற்றத்தைக் காட்ட வழியறியாத ஒளிப்படக்கருவி, உயரத்தைக் காட்டியது.

மாம் தம் திருவண்ணாமலைப் பயணத்தைக் கதைப்பூச்சு இல்லாமல் எழுதியது 1958இல்தான். அப்போது அவருக்கு வயது 84, ரமணர் மறைந்து எட்டாண்டுகள் ஆகியிருந்தன. ஞானியின் ஆற்றலால் அவர் சமாதிநிலை எய்தினார் என்று இந்தியாவில் பேச்சுப் பரவியிருந்தது. அதனை அவர் ஏற்கவில்லை. அதற்கு முன்பும் தாம் மயங்கி விழுந்ததுண்டு என்றே எழுதினார். அக்கட்டுரையில் பனி இல்லை, சிகரமும் இல்லை. காரில் வந்து இறங்கிய பயணி ஒருவர், ஒரு படுக்கை, அருகே பேசாமல் அமர்ந்திருக்கும் ரமணர், அவ்வளவே.