பொட்டாசியத்தின் பத்தொன்பதாவது எலக்ட்ரான்

ஒன்பதாம் வகுப்பில் அணு அமைப்புப் பாடம் நடக்கும்போது, கொஞ்சம் விழித்திருக்கும் பிள்ளை எதுவானாலும் இந்தக் கேள்வியில் வந்து முட்டிக்கொள்ளும். ஒரு ஷெல்லில் அதிகபட்சம் எத்தனை எலக்ட்ரான் என்பதற்கு 'டூ என் ஸ்கொயர்' சூத்திரம் போர்டில் எழுதியாகிவிட்டது. முதல் ஷெல்லில் 2, இரண்டாவதில் 8, மூன்றாவதில் 18. கொஞ்ச நேரத்தில் பொட்டாசியம் வருகிறது: 2, 8, 8, 1. மூன்றாவது ஷெல்லில் இன்னும் பத்து இடம் காலியாகக் கிடக்கும்போது 19-வது எலக்ட்ரான் எதற்காக நான்காவதற்குப் போகிறது?

அருமையான கேள்வி. ஆனால் வழக்கமாகக் கிடைக்கும் பதில், "கடைசி ஷெல்லில் எட்டுக்கு மேல் இருக்கக் கூடாது, அதுதான் ரூல்". அதற்கும் மேலே கேட்டால் "சிலபஸில் இருப்பதை மட்டும் படி". அவ்வளவுதான், அந்தப் பிள்ளை அடுத்த முறை கை தூக்காது.

பதில் ஒன்றும் பரம ரகசியமில்லை. மூன்றாவது ஷெல் என்பது ஒரே கூடம் இல்லை, அதற்குள் அறைகள் உண்டு. அதில் கடைசி அறைக்குள் நுழைவதைவிட நான்காவது ஷெல்லின் முதல் அறையில் உட்கார பொட்டாசியத்தின் எலக்ட்ரானுக்குக் குறைந்த ஆற்றல் போதும். ஏன் அறைகள் என்பதற்குப் பிளஸ் ஒன் வரை காத்திருக்க வேண்டும். "போர்டில் போட்ட வட்டப் படம் இதற்கு மேல் பதில் சொல்லாது" என்று ஆசிரியர் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அதைச் சொல்லத்தான் யாருக்கும் மனம் வருவதில்லை. மாதிரி என்று பெயர் வைத்துவிட்டு போட்டோ மாதிரி நடத்துகிறார்கள்!

அந்தப் படத்தின் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கரு, சுற்றி ஒரு சாண் வட்டங்கள். உண்மையில் தங்க அணு தன் கருவைப்போல் சுமார் 20,000 மடங்கு அகலம். ஒரு சென்டிமீட்டர் புளியங்கொட்டையைக் கரு என்று வைத்து, 100 மீட்டர் ஓட்டப் பந்தயம் தொடங்கும் இடத்தில் போட்டால், முடியும் கோட்டில்தான் அணுவின் விளிம்பு. இதற்கு லேப் வேண்டாம், மைதானமும் பி.டி. பீரியடும் போதும் (கணக்கு சார் அதைக் கடன் வாங்காமல் இருந்தால்).

அடுத்த கொடுமை, மாதிரிகளை வரிசையாக நிற்கவைத்து 'குறைபாடுகள்' எழுதச் சொல்வது. தாம்சன் தப்பு, ரூதர்ஃபோர்டு தப்பு, போர் தப்பு... படிக்கிற பிள்ளைக்கு இவர்கள் எல்லாம் வரிசையாகத் தோற்றவர்கள் என்றே தோன்றும். தாம்சன் என்றால் தர்பூசணி, அதோடு சரி. 1904-ல் அவர் எழுதியதில் எலக்ட்ரான்கள் விதை போலச் சிதறிக் கிடக்கவில்லை, வளையங்களாக அடுக்கப்பட்டிருந்தன. தனிமங்களின் குணங்கள் ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன என்பதற்கு அதில் விடை தேடினார். அன்று கையில் இருந்த ஆதாரத்துக்கு அது மோசமான யோசனை இல்லை.

அது எப்படி உடைந்தது என்பதுதான் பாடத்தின் உயிர். 1909-ல் மான்செஸ்டரில் கைகரும், இருபது வயதே ஆன மார்ஸ்டன் என்ற மாணவரும், இருட்டில் கண் பழகக் காத்திருந்து, திரையில் விழும் மினுக்கல்களை மைக்ரோஸ்கோப் வழியே ஒவ்வொன்றாக எண்ணினார்கள். உலோகத் தகட்டில் மோதிய ஆல்ஃபா துகள்களில் சுமார் 8,000-க்கு ஒன்று திரும்பி வந்தது. தாம்சன் அணுவில் அது நடக்க வழியே இல்லை. ரூதர்ஃபோர்டு அதற்கு விளக்கம் வெளியிட்டது 1911-ல், இரண்டு வருடம் கழித்து! இந்த இரண்டு வருடத்தை நம் வகுப்பறைகள் இரண்டு நிமிடத்தில் தாண்டிவிடுகின்றன. முடிவைச் சொல்லும் முன் '8,000-க்கு ஒன்று' என்பதை மட்டும் கொடுத்து, "அணுவுக்குள் என்ன இருந்தால் இப்படி நடக்கும்?" என்று ஒரு பீரியட் விட்டுப் பார்க்கலாம்.

பொதுத்தேர்வு, போர்ஷன், நேரமின்மை என்று ஆசிரியர்கள் சொல்வது நியாயம்தான். கேள்வித்தாள் 'விவரி' என்று கேட்கும்வரை அவர்களும் விவரித்துத்தான் ஆக வேண்டும். மாற வேண்டியது முதலில் கேள்வித்தாள்.

வேறு சிலர், போரின் வட்டங்களையே தூக்கிவிட்டு நேராக குவாண்டம் மேகத்துக்குப் போகலாம் என்கிறார்கள். பதினான்கு வயதில் அது இன்னொரு மனப்பாடமாகத்தான் முடியும். சுற்றும் எலக்ட்ரான் ஆற்றலை இழந்து ஒரு நொடியில் சுமார் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு நேரத்துக்குள் கருவில் விழுந்திருக்க வேண்டும், ஏன் விழவில்லை என்ற சிக்கலுக்கு 1913-ல் போர் துணிந்து ஒரு வழி சொன்னார். அவருடைய வட்டங்கள் போய்விட்டன, ஆற்றல் மட்டங்கள் நிலைத்துவிட்டன. அந்தப் பாதியை வீட்டிலேயே பார்க்கலாம். உப்புப் போட்ட தண்ணீர் பொங்கி கேஸ் அடுப்பில் வழிந்தால் நீலத் தீ மஞ்சளாகும். சோடியத்தின் எலக்ட்ரான் ஒரு மட்டத்திலிருந்து கீழே இறங்கும் நிறம் அது. பழைய சிடியைச் சாய்த்து டியூப்லைட்டின் பிரதிபலிப்பைப் பார்த்தால், பாதரசத்தின் பச்சையும் ஊதாவும் தனித்தனிப் பட்டைகளாகத் தெரியும். எல்ஈடி விளக்கில் அப்படித் தெரியாது. சிடியும் டியூப்லைட்டும் வேகமாகக் காணாமல் போய்க்கொண்டிருக்கின்றன, பள்ளிகள் ஆளுக்கொன்றை எடுத்து வைத்துக்கொண்டால் தேவலை.