இணைப்புக் கேபிள்: செய்வதா, வாங்குவதா?

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பர் நம் முன்னோர். கணினி வலையமைப்புப் பாடத்திற்கு இம்மொழி சாலப் பொருந்தும். ஏழு அடுக்கு மாதிரியை வரிசை பிறழாமல் எழுதி நாம் மதிப்பெண் பெறுகிறோம். ஆனால் அவ்வேழில் முதலாவதான பௌதிக அடுக்கின் கண்கண்ட வடிவம், ஆய்வகத்து மேசைக்கடியில் தூசி படிந்து கிடக்கும் கேபிள்தான் என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? அக்கேபிளை நாமே செய்துகொள்வதா, ஆயத்தமாக வாங்குவதா என்ற வினா சிறிதாகத் தோன்றலாம். அதன் விடை அத்தனை சிறிதன்று.

கேபிளின் உறையை உரித்தால் எட்டுச் செப்புக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு நான்கு இணைகளாக இருக்கக் காணலாம். இம்முறுக்கு அழகுக்காக அன்று. தொலைபேசிக் கம்பிகளுக்காக அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881இல் காப்புரிமை பெற்ற உத்தி இது. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இணையின் இரு கம்பிகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில் புகுகிறது. மறுமுனையில் இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்வதால் இரைச்சல் கழிந்துவிடுகிறது.

நாமே செய்வதில் நன்மைகள் உண்டு. 305 மீட்டர் கொண்ட பெட்டியை வாங்கினால், வேண்டிய நீளத்திற்கு வெட்டிக்கொள்ளலாம். பிளக்கின் கொக்கி ஒடிந்தால் இருபது மீட்டர் கேபிளையும் எறிய வேண்டியதில்லை. முனையை வெட்டிப் புதிய பிளக்கைப் பொருத்தினால் போதும்.

ஆனால் 'விலை குறைவு' என்று மட்டும் சொல்லி இதில் இறங்குவது பேதைமை. கம்பிகளை 1-2, 3-4, 5-6, 7-8 என அடுத்தடுத்து இணை சேர்ப்பவர் பலர். விளக்கு எரியும் சோதனைக் கருவி எட்டும் சரி என்றே காட்டும். உண்மையில் 3ஆம் கம்பிக்குத் துணை 6ஆம் கம்பி. 4க்குத் துணை 5. இணை பிரிந்தால் முறுக்கின் பயனே போய்விடும். விளக்கு எரியும், வேலை நடக்காது! அதுபோல் முனையில் 13 மில்லிமீட்டருக்கு மேல் முறுக்கைப் பிரிக்கலாகாது. நூறு மெகாபிட் வேகத்திற்கு இரண்டு இணைகள் போதும். 1999இல் வகுக்கப்பட்ட கிகாபிட் தரத்திற்கோ நான்கும் வேண்டும்.

கடைச்சரக்கெல்லாம் பொன்னென்றும் எண்ண வேண்டா. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிள்கள் மலிவாக விற்கப்படுகின்றன. அவற்றில் மின்தடை அதிகம். வளைத்தால் எளிதில் ஒடியும்.

ஆகவே என் கருத்து இதுவே: சுவருக்குள் செல்லும் நெடுங்கேபிளை ஆயத்தமாக வாங்குவதைவிட, நாமே இழுத்து, வெட்டி, சாக்கெட்டில் பொருத்துவதே முறை. இதற்கு ஒற்றைக் கம்பி கொண்டது ஏற்றது. 90 மீட்டர் வரை செல்லலாம். சாக்கெட்டிலிருந்து கணினிக்குச் செல்லும் சிறு கேபிள் அடிக்கடி வளையும், இழுபடும். அதற்குப் பல மெல்லிழைகளால் ஆன, ஆலையில் சோதிக்கப்பட்ட ஆயத்தக் கேபிளை வாங்குவதே அறிவுடைமை.

எனினும் ஒவ்வொரு மாணவரும் ஒரு கேபிளையாவது தம் கையால் செய்து பார்த்தே ஆக வேண்டும். பணத்தை மிச்சப்படுத்துவதற்காக அன்று. பழுதைக் கண்டறியும் கண்ணைப் பெறுவதற்காக. செய்முறைத் தேர்வன்று வலையமைப்பு நின்றுபோனால், வெளியாள் வரும்வரை காத்திருப்பதா கணினி அறிவியல் படித்தவர்க்கு அழகு? நம்மில் பெரும்பாலோர் உழவும் நெசவும் கொத்துவேலையும் செய்யும் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். கைவேலை படித்தவர்க்கு இழுக்கு என்ற எண்ணத்தை நாம் எங்கிருந்து கற்றுக்கொண்டோம்?

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். பருவத்திற்கு ஒரே ஒரு செய்முறை வகுப்பை இதற்கென ஒதுக்குங்கள். பழைய கேபிள் துண்டுகளும், சில பிளக்குகளும், ஒரு கிரிம்பிங் கருவியும் போதும். வாங்கத் தெரிந்தவர் நாட்டில் பலர். வாங்கியது நல்லதா என்று சொல்லத் தெரிந்தவரே நாளை வேலைக்கு வேண்டப்படுபவர். அத்தகையோரை நம் கல்லூரி உருவாக்கட்டும்!