கைவேலை கார்னர்: விரலால் பார்க்கும் கடலடி வாழ்த்து அட்டை

இந்த வாரம் கடலுக்கு அடியில் போகப் போறோம். கையில் கத்தரிக்கோலும் பசையும் இருந்தால் போதும்.

என் தாத்தா தூத்துக்குடிக்காரர். இளவயதில் சங்கு குளித்தவர். "எட்டுப் பாகம் ஆழத்துக்கு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இறங்குவோம் மக்கா" என்று ஆயிரம் முறை சொல்லியிருப்பார். ஒரு பாகம் என்றால் சுமார் ஆறு அடி. கணக்குப் போட்டுப் பாருங்க! அவருடைய ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் நானே அட்டை செய்து கொடுப்பேன். ஆனால், கண் நீர் அழுத்த நோயால் அவருக்குப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. போன வருடம் பளபள தாளில் மீன் ஒட்டிக் கொடுத்தேன். தடவிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. "நல்லாருக்கு மக்கா" என்று சொல்லி ஓரமாக வைத்துவிட்டார். எனக்கு மனசே சரியில்லை.

அதனால் இந்த வருடம் தொட்டுப் பார்க்கிற மாதிரி ஒரு கடல் செய்தேன். நீங்களும் செய்யலாம்.

தேவையானவை: தடிமனான வெள்ளை ஏ4 அட்டை, வெளிர் நீலம், நீலம், கருநீலம் என மூன்று நிறத் தாள்கள், ஆரஞ்சு நிற அட்டைத் துண்டு, உப்புத்தாள், பழைய பார்சல் பெட்டி, சணல் கயிறு, ஃபெவிகால், இருபக்க ஃபோம் டேப், மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா.

செய்முறை:

1. ஏ4 அட்டையைப் பாதியாக மடித்து, மடிப்பின் மேல் ஸ்பூனின் பின்பக்கத்தால் அழுத்தித் தேயுங்க. மடிப்பு நேராக நிற்கும்.

2. நீலத் தாள்களை அலை மாதிரி கையால் கிழியுங்க. கத்தரித்தால் ஓரம் விரலுக்குத் தெரியாது. வெளிர் நீலம் மேலே, கருநீலம் கீழே வருமாறு ஒன்றன் மேல் ஒன்று ஒட்டுங்க. கடலும் அப்படித்தான். சூரிய ஒளியில் சிவப்பைத் தண்ணீர் முதலில் உறிஞ்சிவிடும். நீலம்தான் ஆழம் வரை போகும். அதனால் சிவப்பு, ஆரஞ்சு மீன்களின் நிறம் மேல்பகுதியில்தான் நன்றாகத் தெரியும்; அட்டையிலும் அவற்றை மேலே வையுங்க.

3. அடியில் மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு உப்புத்தாள் ஒட்டுங்க. இதுதான் மணல்.

4. பார்சல் பெட்டியில் ஒரு துண்டு வெட்டி, மேல் தாளை ஈரத் துணியால் துடைத்து, இரண்டு நிமிடம் கழித்து உரியுங்க. நெளிநெளியாக உள்பகுதி தெரியும். அதைத் தாறுமாறாகக் கிழித்து, இரண்டு மூன்று அடுக்காக மணலின் ஓரத்தில் ஒட்டினால் பாறை ரெடி. மீனவர்கள் இதைப் 'பார்' என்பார்கள்.

5. சணல் கயிற்றைப் பிரித்து, அடிநுனியை மட்டும் ஒட்டுங்க. மேல்நுனி ஆடட்டும். கடல் பாசி!

6. ஆரஞ்சு அட்டையில் மீன் வெட்டி, பின்பக்கம் பேனாவால் அழுத்திப் புள்ளி வையுங்க. முன்பக்கம் செதில் மாதிரி புடைக்கும். ஃபோம் டேப் வைத்து ஒட்டினால் மீன் தூக்கலாக நிற்கும்.

7. உள்ளே, பெயரை ஃபெவிகாலால் பெரிதாக எழுதுங்க. ஒரு ராத்திரி முழுக்க அட்டையை மூடாமல் காயவிடுங்க. எழுத்து கைக்குத் தட்டுப்படும்.

ஒரு விஷயம்: கடற்கரையில் எடுத்த பவளப்பாறைத் துண்டுகளை அழகுக்காக ஒட்ட வேண்டாம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன்படி பவளப்பாறைகள் பாதுகாக்கப்பட்டவை. நம்ம பார்சல் பெட்டியே போதும்.

பிறந்தநாள் அன்று தாத்தா கையில் அட்டையைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்தேன். மீனைத் தடவினார், பாசியை இழுத்துப் பார்த்தார், நெளிவுகளில் விரல் ஓட்டி, "பாரு" என்றார். மணலுக்கு வந்ததும் விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"சங்கு எங்க மக்கா?"

"வைக்கலையே தாத்தா..."

என் விரலைப் பிடித்து உப்புத்தாளின் மேல் வைத்தார். "இங்கன வைக்கணும். முழுசா வெளிய தெரியக் கூடாது. பாதி மணல்ல புதைஞ்சு கெடக்கும். அது ஊர்ந்துபோன தடத்தைப் பார்த்துதான் நாங்க எடுப்போம்." அப்புறம் ஒரு மணி நேரம் பேசினார். அதில் பாதி நான் கேட்டே இராத கதை.

அன்று சாயங்காலமே காகிதத்தைக் கூழாக்கி ஒரு குட்டிச் சங்கு செய்து, அவர் காட்டிய இடத்தில் ஒட்டினேன். பாதி மட்டும்தான் வெளியே தெரிகிறது.

நீங்கள் செய்யும் அட்டையிலும் ஓர் இடத்தைக் காலியாக விட்டுவைங்க. வாங்குகிறவர் என்ன கேட்கிறார் என்று பார்த்து நிரப்பலாம். அடுத்த வாரம் பார்ப்போம்!